பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ வெளி டிவிடி டிரைவ்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான மடிக்கணினிகள் இன்று லினக்ஸை நோக்கித் திரும்பியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பென்டிரைவ் போதும். ஆனால் பென்டிரைவிலிருந்து துவங்க மறுக்கும் பழைய கணினிகளும் உள்ளன. அவற்றின் உள் டிவிடி டிரைவும் பழுதாகிவிட்டால் யூஎஸ்பி வழியே இணைக்கும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றே மிஞ்சும் வழி. அந்தத் தேவைக்காக 1,500 ரூபாய்க்குள் வாங்கிய ஒரு மெல்லிய டிவிடி ரைட்டரைப் பற்றியது இந்த மதிப்பீடு. பாட்டும் படமும் பார்ப்பதற்கு அது எப்படி என்பதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. லினக்ஸ் நிறுவலுக்கு அதை எவ்வளவு நம்பலாம், அது தடுமாறும்போது காரணத்தை எங்கே தேடுவது என்பதே என் அக்கறை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நல்ல கருவிதான். அதனோடு பெட்டியில் வரும் கேபிள்தான் அதற்குப் போதாது. இத்தகைய டிரைவில் நிறுவல் பாதியில் நிற்கும்போது பலரும் லினக்ஸையோ, பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பையோ (நிறுவல் வட்டின் முழு நகலான கோப்பு) சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்த வரையில், முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தை.

நான் பயன்படுத்திய முதன்மைக் கணினி 2010-ஐ ஒட்டிய காலத்தது: முதல் தலைமுறைக் கோர் ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம், யூஎஸ்பி 2.0 போர்ட்கள் மட்டும், யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் (இரண்டுமே கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள், யூஇஎஃப்ஐ புதியது). பென்டிரைவைச் செருகித் துவக்கினால் கருந்திரையில் மினுமினுக்கும் கர்சரோடு நின்றுவிடும். அக்காலத்துப் பயாஸ்களில் சில, பென்டிரைவை ஹார்ட் டிஸ்க்காக எண்ணுவதா, ஃபிளாப்பியாக எண்ணுவதா என்று தாமாகவே ஊகிக்கும். ஊகம் பிசகினால் துவக்கம் அங்கேயே முடிந்துவிடும். ஒளிவட்டுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. வட்டிலிருந்து கணினியைத் துவக்குவதற்கான எல் டொரிட்டோ விதிமுறையை ஐபிஎம், பீனிக்ஸ் நிறுவனங்கள் 1995-இலேயே வகுத்துவிட்டன. அதன்பின் வந்த பயாஸ்கள் ஏறத்தாழ எல்லாமே அதைப் பின்பற்றுகின்றன. இந்தப் பழமைதான் வெளி டிவிடி டிரைவுக்கு இன்றும் மதிப்பைத் தருகிறது. ஒப்பிடுவதற்காக, யூஇஎஃப்ஐயும் யூஎஸ்பி 3.0-உம் 8 ஜிபி நினைவகமும் உள்ள புதிய மடிக்கணினி ஒன்றிலும் இதே டிரைவைப் பயன்படுத்தினேன்.

டிரைவ் கையடக்கமானது, எடை குறைவு. மடிக்கணினிகளுக்குள் இருக்கும் அதே மெல்லிய டிரைவை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, சாட்டா இணைப்பை யூஎஸ்பிக்கு மாற்றும் சிறு சில்லு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். டிவிடியை 8 மடங்கு வேகத்திலும் சிடியை 24 மடங்கு வேகத்திலும் எழுதும். தட்டு உறுதியாக மூடுகிறது. மேசைமேல் நழுவாதபடி அடியில் ரப்பர் பொட்டுகள் இருக்கின்றன. லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. செருகியவுடன் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதை எஸ்ஆர்0 என்ற பெயரில் அடையாளம் காண்கிறது. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு லேபிளைப் படித்தால்தான் சிக்கல் புரியும். 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய உச்ச மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. லேபிளில் உள்ளது உச்சத் தேவைதான், டிரைவ் எப்போதும் அவ்வளவு இழுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வட்டு சுழலத் தொடங்கும் நொடியிலும், வேகத்தைக் கூட்டும்போதும், லென்ஸ் வட்டின் ஓரத்துக்குத் தாவும்போதும் தேவை சட்டென்று ஏறுகிறது. வீட்டில் கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் விளக்குகள் ஒரு கணம் மங்குவதைப் போல, அந்த நொடியில் டிரைவின் மின்னழுத்தம் சரிந்து, உள்ளே இருக்கும் சில்லு அணைந்து எழுகிறது. பெட்டியின் மேலோ கையேட்டிலோ இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘செருகினால் இயங்கும்’ என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தக் கருவியின்மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

இந்த மின்குறை பல வேடங்களில் வரும். எளிதில் கண்டுகொள்ளக்கூடியது டக் டக்கென்ற ஒலி: வட்டு சுழல முயன்று நிற்கும், மறுபடி முயலும், பயாஸ் அதற்குள் பொறுமையிழந்து ஹார்ட் டிஸ்க்குக்குத் தாவிவிடும். இதைவிடத் தொல்லையானது, துவக்கம் இயல்பாகத் தொடங்கி, மெனுவும் வந்து, கெர்னலும் ஏறிய பிறகு வரும் தடுமாற்றம். திரையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் (வட்டில் சுருக்கி வைத்த கோப்பமைப்பு) பிழை என்றோ, எஸ்ஆர்0-இல் பஃபர் பிழை என்றோ வரிகள் ஓடும். பார்ப்பவர் வட்டு சரியாக எழுதப்படவில்லை என்றே முடிவுகட்டுவார். வட்டை மாற்றுவார், ஐஎஸ்ஓவை மீண்டும் இறக்குவார், வேறு லினக்ஸுக்குப் போவார். அங்கும் அதே பிழை காத்திருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. ஆல்ட்டோடு எஃப்2-ஐ, அல்லது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் எஃப்2-ஐ அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று கெர்னல் பதிவைப் பாருங்கள். படிப்புப் பிழை வருவதற்குச் சற்று முன்பாக யூஎஸ்பி கருவி ‘ரீசெட்’ செய்யப்பட்டதாகவோ, துண்டிக்கப்பட்டுப் புதிய எண்ணோடு மீண்டும் இணைந்ததாகவோ வரிகள் தென்பட்டால், கோளாறு மின்சாரத்திலோ கேபிளிலோ இருக்கிறது. அத்தகைய வரிகள் ஏதுமின்றி, எப்போதும் ஒரே பிளாக் எண்ணில் பிழை திரும்பத் திரும்ப வந்தால் வட்டைக் குறை சொல்லலாம். மின்குறையால் வரும் பிழைகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். இந்த வேறுபாட்டைக் கவனித்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

என் பழைய கணினியில் பெட்டியோடு வந்த ஒற்றைக் கேபிளால் நிறுவல் ஒரு முறைகூட முழுமையாக நடக்கவில்லை. புதிய கணினியின் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் அதே கேபிள், அதே வட்டு தங்குதடையின்றி ஓடின. தீர்வு, 150 ரூபாய் அளவில் தனியாகக் கிடைக்கும் ஒய் வடிவக் கேபிள். அதன் ஒரு கால் தரவையும் மின்சாரத்தையும் கொண்டுவரும். மற்றொரு கால் மின்சாரத்தை மட்டும் கூடுதலாகத் தரும். அந்த இரண்டாம் காலை அருகிலுள்ள போர்ட்டிலேயே செருகுவதில் ஒரு சிறு பொறி உண்டு: சில மடிக்கணினிகளில் அடுத்தடுத்த இரண்டு போர்ட்களும் ஒரே மின்காப்பைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆகவே இரண்டு காலும் சேர்ந்தும் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம். மடிக்கணினியின் எதிர்ப்பக்கத்துக்குக் கேபிள் எட்டாதவர்கள், இரண்டாம் காலைத் தரமான 5 வோல்ட் கைபேசி சார்ஜரில் செருகலாம். நான் அவ்வாறே செய்தேன், அதன்பின் பிழை வரிகள் அறவே மறைந்தன. யூஎஸ்பி விதிமுறை இரட்டைக்கால் கேபிளை ஏற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆகவே மலிவான, பெயர் தெரியாத சார்ஜரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சொந்த அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் இதைவிட ஒழுங்கான வழி. ஆனால் ஹப்பின் வழியே செருகிய டிரைவைச் சில பழைய பயாஸ்கள் துவக்கப் பட்டியலில் காட்டுவதில்லை என்பதால், ஹப் வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துக்கொள்வது நல்லது.

மின்சாரம் சரியான பிறகுதான் வட்டைப் பற்றிப் பேச முடியும். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, கணினி அதை 4.37 என்று காட்டும். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு 24.04-இன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ அந்த அளவைத் தாண்டிவிட்டதால் அதற்கு 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு வேண்டும். அவ்வட்டின் விலையும் அதிகம், பழைய டிரைவ்கள் அதைப் படிக்கத் திணறவும் செய்கின்றன. லினக்ஸ் மின்ட் 22 ஏறத்தாழ 3 ஜிபிதான் என்பதால் சாதாரண டிவிடியில் வசதியாக அடங்குகிறது. டெபியன் 12-இன் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ 700 எம்பி சிடிக்குள்ளேயே அடங்கிவிடும். மீதித் தொகுப்புகளை நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். வைஃபை அட்டைகளை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் ஐஎஸ்ஓவிலேயே சேர்க்கும் வழக்கம் 2023 ஜூனில் வெளியான அந்தப் பதிப்பிலிருந்துதான் தொடங்கியது. ஆகவே முன்போல் அவற்றைத் தனியே தேடி அலைய வேண்டியதில்லை.

வெளி டிரைவ் வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர்கள் இருக்கின்றன: சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று தேய்ந்தாலும் மற்றொன்று வேலை செய்யலாம். டிவிடியைப் படிக்க மறுக்கும் உங்கள் உள் டிரைவ் சிடியைப் படிக்கிறது என்றால், நெட்இன்ஸ்ட் சிடி ஒன்றை எழுதிப் போட்டாலே காரியம் முடிந்துவிடும். இந்தக் கருவியே உங்களுக்குத் தேவைப்படாது.

வட்டு வகையில் ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வட்டையே பரிந்துரைக்கிறேன். மீண்டும் எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டு சிக்கனம்தான். ஆனால் அதன் மேற்பரப்பு 18 முதல் 30 விழுக்காடு ஒளியையே திருப்பியனுப்புகிறது, சாதாரண டிவிடியோ 45 முதல் 85 விழுக்காடு. லென்ஸ் சற்றே தளர்ந்த டிரைவுக்கு இந்த வேறுபாடு பெரிது. எழுதும்போது 8 மடங்கு வேகத்தை விட்டு 4 மடங்கில் எழுதுங்கள். எழுதியதைச் சரிபார்க்கும் தேர்வையும் தவறாமல் இடுங்கள். விண்டோஸ் 7-இலிருந்தே ஐஎஸ்ஓவை வட்டில் எழுதும் வசதி உள்ளமைந்திருக்கிறது, லினக்ஸில் பிரசெரோவும் கே3பியும் உண்டு. ஐஎஸ்ஓவை ஒரு கோப்பாக வட்டில் நகலெடுத்துவிட்டால் கணினி அதிலிருந்து துவங்காது. எழுதிய வட்டைத் திறந்தால் உள்ளே ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு தெரியக் கூடாது, பல கோப்புறைகள் தெரிய வேண்டும். எழுதுவதற்கு முன்பாக, பதிவிறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 கூட்டுத்தொகையை (கோப்பு பிழையின்றி வந்ததா என்று காட்டும் குறியெண்) அந்த லினக்ஸின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்.

இனித் துவக்கம். வெளி டிரைவ் ஒரு வட்டை உணர்ந்து தயாராகச் சில நொடிகள் பிடிக்கும்; பழைய பயாஸ் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. எனவே கணினியை இயக்கியதும் துவக்க மெனுவுக்கான விசையை அழுத்தி, அங்கேயே நின்று, டிரைவின் விளக்கு மின்னுவது ஓய்ந்த பிறகு யூஎஸ்பி சிடிரோம் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியே தெரியவில்லையென்றால் கணினியை அணைக்காமல் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். போர்ட்டின் மின்சாரம் துண்டிக்கப்படாமலே கணினி மறுதுவக்கம் ஆவதால், ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் டிரைவைப் பயாஸ் இம்முறை கண்டுகொள்ளும் வாய்ப்பு அதிகம். துவக்க மெனுவின் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: லெனோவோ, டெல் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப்.

புதிய கணினியில் வந்த சிக்கல் வேறு வகை. ‘ஃபாஸ்ட் பூட்’ இயங்கிக்கொண்டிருந்தால் யூஇஎஃப்ஐ யூஎஸ்பி கருவிகளை விழிக்கச் செய்யாமலே தாண்டிப் போய்விடுகிறது. அதை அணைத்தால்தான் டிரைவ் பட்டியலில் வருகிறது. வந்தபோதும் ஒரே டிரைவ் இரண்டு முறை தெரிகிறது, ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்ற அடைமொழி இருக்கிறது. விண்டோஸையும் வைத்துக்கொண்டு அருகில் லினக்ஸை நிறுவுவோர் அடைமொழி உள்ள வரியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைத் தேர்ந்தால் லினக்ஸ் பழைய முறையில் நிறுவப்பட்டு, இரண்டு இயங்குதளங்களுக்கும் ஒரே துவக்க மெனு அமையாமல் போகும். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா ஆகியவை செக்யூர் பூட்டோடு (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்கவிடும் பாதுகாப்பு) இயங்கக்கூடியவை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு அணைத்துவிட வேண்டிய அவசியமில்லை.

டெபியனின் நிறுவியில் வரும் ஒரு பிழை பலரையும் கலங்கடித்திருக்கிறது. எந்த வட்டிலிருந்து துவங்கியதோ அந்த வட்டையே ‘காணவில்லை’ என்று அது சொல்லும். முரணாகத் தோன்றினாலும் காரணம் எளிது: மெனு வரும்வரை வட்டைப் படித்தது பயாஸ், அதன்பின் படிக்க வேண்டியது கெர்னல். இந்தக் கைமாற்றத்தில் டிரைவ் ஒருமுறை மீளமைக்கப்படுகிறது. மின்சாரம் குறைவாக இருந்தால் அது எழுவதில்லை. முதலில் டிரைவைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகி, வட்டு சுழன்று ஓய்ந்தபின் தேடலை மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் அடம்பிடிக்கும் டிரைவ் 2.0 போர்ட்டில் பணிவதும் உண்டு. அப்போதும் கிடைக்காவிட்டால் எழுத்துத் திரைக்குச் சென்று எஸ்ஆர்0-ஐ சிடிரோம் கோப்புறையில் கையால் மவுண்ட் செய்து (இணைத்து)விட்டுத் திரும்பினால் நிறுவி தொடர்ந்து செல்லும்.

வேகத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 8 மடங்கு வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 எம்பி. அதுவும் வட்டின் வெளி விளிம்பில்தான், உள் வளையத்தில் அதில் பாதிக்கும் குறைவு. நிறுவலின்போது கோப்புகள் வரிசையாகப் படிக்கப்படுவதால் அது பொறுத்துக்கொள்ளத்தக்க வேகமே. நிறுவாமலே வட்டிலிருந்து இயங்கும் லைவ் டெஸ்க்டாப்பில் உலவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும்: ஒவ்வொரு சொடுக்குக்கும் லென்ஸ் வட்டின் வேறொரு மூலைக்குத் தாவ வேண்டியிருக்கிறது. துவக்க வரியின் இறுதியில் ‘டூரேம்’ என்று சேர்த்தால் முழு லைவ் அமைப்பும் முதலில் நினைவகத்துக்கு நகலாகிவிடும். 8 ஜிபி உள்ள புதிய கணினியில் மின்டை இவ்வாறு ஏற்றியபின் டெஸ்க்டாப் மிக விறுவிறுப்பாக இயங்கியது, நிறுவல் முழுவதும் டிரைவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மின்குறையால் அவதிப்படும் டிரைவுக்கும் இது ஓரளவு மருந்து, ஏனெனில் ஒருமுறை தொடர்ச்சியாகப் படித்துவிட்டால் போதும். 4 ஜிபி நினைவகத்தில் 3 ஜிபி வட்டை இப்படி ஏற்றுவது சரிவராது. அங்கே டெபியன் நெட்இன்ஸ்டும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் பொருத்தமான இணை. பழைய கணினியில் இப்போது ஓடுவது அதுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது. 2012-க்குப் பிந்தைய மடிக்கணினி என்றால் பென்டிரைவே விரைவானது, மலிவானது, டிரைவ் தேவையில்லை. பழைய கணினிகளைச் செப்பனிட்டு மாணவர்களுக்குக் கொடுப்போருக்கும், பள்ளிக் கணினி அறைகளைப் பராமரிப்போருக்கும் இது ஒன்று கையில் இருப்பது பெரும் உதவி. எழுதி முடித்த டிவிடி-ஆர் வட்டில் நச்சுநிரல் புகுந்துகொள்ள வழியில்லை என்பது அங்கே கூடுதல் நன்மை. கடையில் டிரைவைத் திருப்பி அடிப்பக்க லேபிளைப் பாருங்கள். கேபிளைக் கழற்றி மாற்றக்கூடிய டிரைவையே எடுங்கள். அடிப்பக்கத்தில் சுருட்டி வைத்த, கழற்ற முடியாத குட்டைக் கேபிள் உள்ளவற்றில் ஒய் கேபிளைப் பொருத்த வழியில்லை. நான் வாங்கியதில் கேபிள் கழன்று வந்ததால்தான் அது என்னிடம் தங்கியது. ஆப்பிளின் யூஎஸ்பி சூப்பர்டிரைவ் பழைய பொருளாகக் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம். அது மேக் அல்லாத கணினிகளில் தனிக் கட்டளை ஒன்றைப் பெற்ற பிறகே விழித்தெழும். பயாஸ் அக்கட்டளையை அனுப்பாது என்பதால் அதிலிருந்து துவக்குவதற்கு அது உதவாது.

நிறுவல் முடிந்தபின் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெபியனை முழு டிவிடியிலிருந்து நிறுவியவர்களிடம், பின்னாளில் புதிய தொகுப்பு எதையாவது நிறுவும்போது அதே வட்டை மீண்டும் செருகும்படி கணினி கேட்கும். தொகுப்பு மூலங்களின் பட்டியலில் ‘டெப் சிடிரோம்’ என்று தொடங்கும் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறியை இட்டு, இணையக் களஞ்சியத்தின் வரிகள் அங்கே இருப்பதை உறுதிசெய்துகொண்டால் டிரைவைக் கழற்றி வைத்துவிடலாம்.